ஓடும் காரை வீட்டில் இருந்தபடியே நிறுத்திய 2 பேர்! ரேடியோ வழியாக உள்ளே புகுந்தது எப்படி?

கார் மணிக்கு 70 மைல் வேகத்தில் பறந்து கொண்டு இருக்கிறது. டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருக்கின்றன. எந்தப் பொத்தானையும் அவர் தொடவில்லை.

திடீர் என்று ஏ.சி. முழு வேகத்தில் குளிர்காற்றைக் கக்கியது. முதுகு சில்லிட்டது. அடுத்து ரேடியோ. காது கிழியும் அளவுக்கு பாட்டு அலறியது. டிரைவர் அவசரமாகக் குமிழைத் திருகினார். சத்தம் குறையவில்லை. ஆப் பொத்தானை அமுக்கினார். ஊஹூம், ரேடியோ அசைந்து கொடுக்கவில்லை!

பிறகு யாரும் போடாமலே வைப்பர் ஆட ஆரம்பித்தது. கண்ணாடியில் தண்ணீர் பீச்சி அடித்தது. எதிரே இருந்த ரோடு மங்கிப் போயிற்று. டாஷ்போர்டில் டி.வி. மாதிரி இருந்த திரையில் இரண்டு ஆசாமிகளின் போட்டோ பளிச் என்று தோன்றியது.

பேய் வேலை அல்ல. போட்டோவில் இருந்த அந்த இரண்டு ஆசாமிகளின் வேலைதான். அவர்கள் காரில் இல்லை. பின்னால் துரத்தி வரவும் இல்லை. சுமார் 10 மைல் தூரத்தில், ஒரு வீட்டில், லேப்-டாப் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்து இருந்தார்கள்!

அமெரிக்காவில் மிசூரி மாநிலம், செயின்ட் லூயிஸ் நகரில் 2015-ம் ஆண்டு இது நடந்தது. கார் கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைத்த இந்தச் சம்பவம் பற்றிய விவரம் வருமாறு:-

தெரிந்தேதான் ஏறினார்

காரை ஓட்டியவர் ஆன்டி கிரீன்பெர்க். "ஒயர்டு" என்ற பத்திரிகையின் நிருபர். கார், 2014-ம் ஆண்டு மாடல் "ஜீப் செரோகி". வீட்டில் இருந்து ஆட்டி வைத்தவர்கள் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் ஆகியோர். இருவரும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள். மில்லர் முன்பு அமெரிக்க உளவு இலாகாவான தேசிய பாதுகாப்பு ஏஜென்சியில் வேலை பார்த்தவர். அந்த ஜீப்பும் அவருடைய சொந்த வண்டிதான்.

"ஏதோ செய்யப் போகிறார்கள்" என்று நிருபருக்குத் தெரியும். என்ன செய்வார்கள், எப்போது செய்வார்கள் என்பது தெரியாது. என்ன நடந்தாலும் பதற வேண்டாம் என்று மட்டும் போனில் சொல்லி வைத்து இருந்தார்கள்.

சொல்வது சுலபம். ஏ.சி., ரேடியோ, வைப்பர் வரைக்கும் அவர் சிரித்துக் கொண்டுதான் இருந்து இருப்பார். அதற்கு அடுத்து வந்ததுதான் விபரீதம்.

பின்னால் ராட்சத லாரி!

திடீர் என்று ஆக்சிலேட்டர் வேலை செய்யவில்லை. மிதிக்கிறார், மிதிக்கிறார்... என்ஜின் உறுமுகிறது. கார் போகவில்லை. அந்த இரண்டு பேரும் கியரைத் துண்டித்து விட்டார்கள்!

வேகம் பாதியாகி, பிறகு நடை வேகத்துக்கு வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து கார் ஒரு நீளமான மேம்பாலத்தில் ஏறி இருந்தது. அந்த இடத்தில் ஓரம் கட்டுவதற்கு அடி இடம் கூட இல்லை. பின்னால் வந்த கார்கள் ஆரன் அடித்துக் கொண்டே விலகி விலகிச் சென்றன. கண்ணாடியில் பார்த்தால், 18 சக்கர லாரி ஒன்று நெருங்கி வந்து கொண்டு இருக்கிறது!

நிருபருக்கு சிரிப்பு போயே போச்சு. "போதும், விடுங்கள்" என்ற தோரணையில் போனில் கத்தினார். ரேடியோ அலறலில் அவர் சொன்னது எந்த அளவுக்குக் கேட்டதோ தெரியாது. நல்லவேளையாக லாரி டிரைவர் பார்த்து விட்டார். ஜீப் தட்டுத் தடுமாறி ஒரு இறக்கத்தில் இறங்கியது. சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடியும் போட்ட பிறகுதான் கியர் விழுந்தது.

அதோடு விடவில்லை. காலியாகக் கிடந்த ஒரு மைதானத்தில் அடுத்த பரீட்சை. இந்தத் தடவை பிரேக்கைப் பிடுங்கினார்கள். நிருபர் பிரேக்கை மிதிக்க மிதிக்க, 2 டன் எடை உள்ள ஜீப் நழுவிச் சென்று பள்ளத்தில் இறங்கி விட்டது! அது மெதுவான வேகத்தில் செய்தது. அதனால் தலை தப்பியது. ரிவர்சில் போகும்போது ஸ்டியரிங்கையும் திருப்பிக் காட்டினார்கள்.

பொது ரோட்டில், மற்ற வண்டிகளுக்கு நடுவே இப்படி ஒரு பரீட்சை வைத்தது தப்பு என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயம்தான். லாரி டிரைவர் ஒரு வினாடி கண் அசந்து இருந்தால் செய்தியே வேறு மாதிரி ஆகி இருக்கும். மைதானத்திலேயே எல்லாவற்றையும் செய்து காட்டி இருக்கலாம். ஆனால் ஒன்று. அதற்கு முன்பு, 2013-ல், இதே இருவரும் ஒரு போர்டு காரையும் ஒரு டொயோட்டா காரையும் இதே போல ஆட்டி வைத்தார்கள். அப்போது காருக்கு உள்ளேயே உட்கார்ந்து, ஒயர் கொடுத்துச் செய்தார்கள். "வண்டிக்குள் ஏறி ஒயர் மாட்டினால்தானே? அது எப்படி ஹேக்கிங் ஆகும்?" என்கிற மாதிரி கம்பெனிகள் அலட்சியமாகப் பேசின. அந்தப் பேச்சுக்குப் பதில்தான் இந்த மேம்பாலம்.

எந்த வழியாகப் புகுந்தார்கள்?

டாஷ்போர்டின் நடுவில் உள்ள அந்தத் திரை வழியாகத்தான். பாட்டு, ரேடியோ, மேப், போன், பின்பக்க கேமரா எல்லாம் அதில் வருகிறது. "இன்போடெயின்மெண்ட்" என்று கம்பெனிக்காரர்கள் பெரிய பெயராகச் சொல்லுவார்கள். மெக்கானிக் ஷாப்பில் "டச் ஸ்கிரீன்" அல்லது "மியூசிக் சிஸ்டம்". அவ்வளவுதான்.

ரேடியோ என்றதும் பலரும் பழைய கேசட் பிளேயரை நினைத்துக் கொள்கிறார்கள். தப்பு. இது ஒரு முழு கம்ப்யூட்டர். அந்த ஜீப்பில் இருந்த பெட்டிக்கு "யூகனெக்ட்" என்று பெயர். அதற்குள் செல்போன் மாதிரியே ஒரு சிம் தொடர்பு இருந்தது. "ஸ்பிரிண்ட்" என்ற டெலிபோன் கம்பெனியின் லைனில் அது எப்போதும் பேசிக் கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டருக்கு வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நம்பர். ஜீப் பெட்டியில் 6667-ம் நம்பர் வாசல் திறந்தே கிடந்தது! பாஸ்வேர்டு கிடையாது. "யார் நீ?" என்று கேட்பாரும் கிடையாது. அதே ஸ்பிரிண்ட் லைனில் உள்ள ஒரு சாதாரண செல்போன் இருந்தால் போதும். அமெரிக்காவின் எந்த மூலையில் ஓடும் ஜீப்பின் வாசலையும் தட்டலாம்.

ஆரம்பத்தில் அவர்களுக்கே இது தெரியாது. காரில் உள்ள வைபை வழியாக, பக்கத்தில் நின்றுதான் புக முடியும் என்று நினைத்தார்கள். செல்போன் லைனிலும் அதே வாசல் திறந்து கிடக்கிறது என்று கண்டு பிடித்த போது அவர்களே திடுக்கிட்டார்கள். லேப்-டாப்பில் தேடிப் பார்த்தால், நாட்டின் வெவ்வேறு மூலைகளில் யார் யாரோ ஓட்டிச் செல்லும் கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எந்த ஊர், எந்த ரோடு என்பதும் தெரிகிறது. அந்தக் கார்களில் உட்கார்ந்து இருந்தவர்கள் ஆபீசுக்கோ, பிள்ளைகளை அழைத்து வர பள்ளிக்கூடத்துக்கோ போய்க் கொண்டு இருந்து இருப்பார்கள். தங்கள் கார் ஒரு அந்நியரின் கம்ப்யூட்டரில் தெரிகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்படி சுமார் 4 லட்சத்து 71 ஆயிரம் வண்டிகள் வரை மாட்டிக் கொள்ளும் நிலையில் இருப்பதாக இருவரும் கணக்குப் போட்டார்கள்.

வைபை பாஸ்வேர்டும் ஒரு தமாஷ். வண்டி முதன்முதலில் உயிர் பெறும் நேரத்தை வைத்து, பெட்டியே பாஸ்வேர்டை உருவாக்கிக் கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் அந்த முதல் வினாடியில் பெட்டிக்கு சரியான மணி தெரியாது. எல்லாப் பெட்டியும் "2013 ஜனவரி 1" என்றே நினைத்துக் கொண்டு கண் விழிக்கும்! ஆக, வண்டிக்கு வண்டி வேறாக இருக்க வேண்டிய பாஸ்வேர்டு, ஊகித்து விடக் கூடிய சில பாஸ்வேர்டுகளாகச் சுருங்கிப் போயிற்று.

ரேடியோவுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

இன்றைய காரில் பல சின்னக் கம்ப்யூட்டர்கள் உள்ளன. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. இவை எல்லாம் ஒரே ஒயர் ஜோடியில் கோத்து இருக்கும். "கேன்" என்பது அதன் பெயர். ஜெர்மனியின் "பாஷ்" கம்பெனி 1986-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

ஒரே கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து இருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "பிரேக்கு, பிடி!" என்று ஒரு குரல். பிரேக் உடனே பிடிக்கும். குரல் கொடுத்தது யார் என்று திரும்பிப் பார்க்காது. 1986-ல் அது போதும். கூடத்துக்குக் கதவே கிடையாது, வெளி ஆள் வர வழியே இல்லை. பிறகு அதே கூடத்தில் ரேடியோவையும் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். ரேடியோவின் கையில் ஒரு சிம்மையும் கொடுத்தார்கள்.

ஜீப்பில் இடையில் ஒரு காவல்காரன் இருந்தான். திரைக்கும் கேன் ஒயருக்கும் நடுவே ஒரு சின்ன சிப். கூடத்தில் பேசுவதைக் கேட்கலாம், திருப்பிப் பேசக் கூடாது என்பதுதான் அதற்கு இட்ட கட்டளை. மில்லரும் வாலசெக்கும் அந்த சிப்புக்குள் இருந்த சாப்ட்வேரையே மாற்றி எழுதி விட்டார்கள். புது சாப்ட்வேர் கம்பெனியில் இருந்து வந்ததா, கண்டவன் எழுதியதா என்று அந்த சிப் கையெழுத்து சரி பார்க்கவே இல்லை. கேட்க மட்டும் தெரிந்த காவல்காரன் பேச ஆரம்பித்தான். ஆக்சிலேட்டர் படுத்தது. பிரேக் கை விரித்தது.

14 லட்சம் வண்டிகள்

இருவரும் கம்பெனிக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து விட்டார்கள். ஏறக்குறைய 9 மாதமாக விவரங்களைச் சொல்லி வந்தனர். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஓட்டையை அடைக்கும் புது சாப்ட்வேரை 2015 ஜூலை 16-ந் தேதி வெளியிட்டது. ஆனால் அதைப் போட வேண்டியது வண்டிக்காரர்! அவரே கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, காரில் சொருக வேண்டும். இல்லா விட்டால் டீலரிடம் கொண்டு போக வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்? ஆபீசுக்கு நேரமாச்சு என்று பெட்ரோல் போடக் கூட மறந்து விடுகிற காலம் இது.

ஜூலை 21-ந் தேதி பத்திரிகையில் மேம்பாலக் கதை வெளிவந்தது. ஒரே பரபரப்பு! அன்றே அமெரிக்க செனட் உறுப்பினர்கள் 2 பேர் கார் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். (அது சட்டமாகவில்லை.) டெலிபோன் லைனிலேயே அந்த வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஜூலை 24-ந் தேதி கிரைஸ்லர் கம்பெனி சுமார் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜீப் மட்டும் அல்ல. அதே பெட்டி வைத்த டாட்ஜ், ராம், கிரைஸ்லர் வண்டிகளும் அடக்கம். கம்ப்யூட்டர் ஓட்டைக்காக கார்களைத் திரும்ப அழைத்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லப்படுகிறது.

ஆக, 9 மாதம் நடந்த கடிதப் போக்குவரத்தில் ஆகாத வேலை, பத்திரிகையில் வந்த 3-ம் நாள் ஆகி விட்டது.

தபாலில் வந்த பென் டிரைவ்

அடுத்து நடந்தது இன்னொரு கூத்து. வண்டிக்காரர்களுக்கு கம்பெனியே பென் டிரைவைத் தபாலில் அனுப்பியது. காரில் சொருகுங்கள், சரியாகி விடும் என்றது.

பாதுகாப்பு நிபுணர்கள் தலையில் அடித்துக் கொண்டார்கள். "யார் அனுப்பியது என்று தெரியாத பென் டிரைவைச் சொருகாதே" என்று வருடக் கணக்கில் தொண்டை கிழியக் கத்தி வருகிறார்கள். இப்போது தபாலில் வருவதை எடுத்துச் சொருகு என்றால்? நாளைக்கு ஒரு திருட்டுப் பயல் இதே மாதிரி கவர் அச்சடித்து, இதே மாதிரி பென் டிரைவ் போட்டு அனுப்பினால், எது அசல், எது போலி? வீட்டுக்காரர் எதைக் கண்டார்?

கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும். அந்தக் கார்களுக்கு தானாகவே புது சாப்ட்வேரை அனுப்பி ஏற்ற வழி இல்லை. 14 லட்சம் வண்டிகளையும் டீலர் வாசலில் வரிசை கட்ட வைப்பதை விட தபால் தேவலாம் என்று நினைத்து இருக்கலாம்.

வழக்கும் நடந்தது. "ஓட்டை இருக்கிறது என்று தெரிந்து இருந்தால் இந்த விலை கொடுத்து வாங்கி இருக்க மாட்டோம்" என்பது வண்டிக்காரர்களின் வாதம். கோர்ட்டு 2020-ல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அப்பீல் கோர்ட்டும் 2022-ல் அதையே உறுதி செய்தது. அவர்களுக்கு நஷ்டம் ஏற்பட்டதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்பது காரணம். உண்மையில், பரீட்சைக்கு உட்பட்ட மில்லரின் ஜீப்பைத் தவிர வேறு வண்டியில் யாரும் இந்த வழியாகப் புகுந்து விபத்து உண்டாக்கியதாகத் தகவல் இல்லை. அது அதிர்ஷ்டமா, அல்லது நேரத்தில் அடைத்ததாலா என்பதை அவரவர் முடிவு செய்து கொள்ளலாம்.

காற்றிலேயே வந்த மருந்து

அதே 2015 ஜனவரியில் ஜெர்மனியிலும் ஒரு விவகாரம். பி.எம்.டபிள்யூ. கார்களின் கதவை, செல்போன் லைன் வழியாக வெளி ஆள் திறந்து விட முடியும் என்று அந்த நாட்டு மோட்டார் சங்கமான ஏ.டி.ஏ.சி. கண்டு பிடித்தது. சுமார் 22 லட்சம் கார்கள். காருக்கும் கம்பெனிக்கும் நடுவே போகும் தகவல் ரகசியக் குறியீடு இல்லாமல் அப்பட்டமாகப் போனதுதான் குறை. ஆனால் அங்கே தபால், பென் டிரைவ் எதுவும் இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரோடு பேசும்போது கார்களே மருந்தை வாங்கிக் கொண்டன.

2016 செப்டம்பரில் சீனாவின் "கீன் லேப்" நிபுணர்கள் டெஸ்லா காரை 12 மைல் தூரத்தில் இருந்து பிரேக் பிடிக்க வைத்தார்கள். டெஸ்லா 10 நாளில் காற்றிலேயே மருந்து அனுப்பி விட்டது. அதோடு, கம்பெனி கையெழுத்து இல்லாத சாப்ட்வேரைக் கார் ஏற்கக் கூடாது என்றும் கட்டுத்திட்டம் செய்தது. ஜீப்பின் காவல்காரனுக்கு இல்லாமல் போனது இந்தக் கட்டுத்திட்டம்தான்.

அப்படியானால் டெஸ்லாக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்களா? அதுவும் இல்லை. 2021-ல் அதே கம்பெனியின் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் பழைய கார்களின் திரையே செத்துப் போகும் நிலை வந்தது. உள்ளே இருந்த நினைவு சிப்பில் கார் ஓயாமல் எழுதி எழுதி, சிப் தேய்ந்து விட்டது. திரை போனால் ரிவர்ஸ் கேமராவும் போச்சு. அந்தக் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன.

ஒரே ஸ்டேஷன்தான் கேட்கும்!

யாரும் கெட்ட எண்ணத்தோடு புக வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. 2022 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

அந்த நகரில் 94.9 என்ற அலைவரிசையில் "கே.யூ.ஓ.டபிள்யூ." என்று ஒரு ரேடியோ ஸ்டேஷன். செய்தி அனுப்புவதோடு, காரின் திரையில் தெரிய சின்னப் படங்களையும் அனுப்பும். ஒரு நாள் அனுப்பிய படத்தின் பெயருக்கு வால் இல்லை. அதாவது, இது படம்தான் என்று சொல்லும் கடைசி 3 எழுத்து விட்டுப் போயிற்று. அவ்வளவுதான் தப்பு!

அந்த ஸ்டேஷனைக் கேட்டுக் கொண்டு இருந்த 2014 முதல் 2017 வரையிலான மாடல் மாஸ்டா கார்களின் பெட்டிகள் குழம்பிப் போய்விட்டன. அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்து... மேப் இல்லை, போன் இல்லை, பின்பக்க கேமரா இல்லை. ரேடியோ மட்டும் பாடும். அதுவும் அதே 94.9! வேறு ஸ்டேஷன் மாற்ற முடியாது. புதுப் பெட்டி மாற்ற சுமார் 1,500 டாலர் ஆகும் என்று டீலர்கள் கை விரித்தார்கள். பிறகு கம்பெனி இறங்கி வந்து, இலவசமாக மாற்றித் தர ஏற்பாடு செய்தது. வெளியில் இருந்து வருவதை எல்லாம் அப்படியே நம்பி விழுங்கும் சாப்ட்வேருக்கு ஒரு குட்டிப் படம் கூட விஷம்தான்.

2022 பிப்ரவரியில் இன்னொரு அடி. அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. கம்பெனி தன் 3-ஜி லைனை இழுத்து மூடியது. 3-ஜி சிம் வைத்து இருந்த பல கார்களுக்கு வெளித் தொடர்பு அறுந்தது. கார் 15 வருடம் ஓடும். அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் டெலிபோன் லைனுக்கும் அத்தனை ஆயுள் இல்லை. ஒரு செல்போனை எத்தனை வருடம் வைத்து இருக்கிறோம்?

போர்ஷேக்கும் தடை

ஐ.நா. சபையின் வாகன விதி அமைப்பு 2020 ஜூனில் இரண்டு விதிகளை நிறைவேற்றியது. நம்பர் 155, 156. காரைத் தயாரிக்கும் கம்பெனி, வெளி ஆள் புகாமல் தடுக்க என்ன ஏற்பாடு செய்து உள்ளது, புது சாப்ட்வேரை எப்படி பத்திரமாக அனுப்பும் என்பதைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஐரோப்பாவில் 2022 ஜூலை முதல் புது மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம்.

விளைவு? பணக்காரக் காரான போர்ஷேயின் பெட்ரோல் "மக்கான்" மாடலை 2024-ல் ஐரோப்பிய யூனியனில் விற்க முடியாமல் போனது. "718" மாடலுக்கும் அதே கதி. பழைய டிசைன், அதை விதிக்கு ஏற்ப மாற்றுவது கட்டுப்படி ஆகவில்லை. பிரேக் நன்றாக இருக்கிறது, என்ஜின் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் பூட்டு சரியில்லை, போ என்று சொல்லி விட்டார்கள்!

நம்ம ஊர் வண்டிக்கு வருமா?

இந்தியாவில் சிம் வைத்த கார்கள் 2019-ல் பெருக ஆரம்பித்தன. அந்த ஆண்டு மே மாதம் வந்த ஹூண்டாய் "வென்யூ", சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான கார். அடுத்த மாதமே எம்.ஜி. "ஹெக்டர்" வந்தது. ஜன்னல் திறப்பது முதல் ஏ.சி. போடுவது வரை போனில் இருந்தே செய்யலாம் என்பதைச் சொல்லித்தான் இந்த மாதிரி வண்டிகளை விற்கிறார்கள். சவுகரியம்தான். சிம் உள்ள வண்டிக்கு ஒரு வாசலும் உண்டு என்பதை மட்டும் மறந்து விடக் கூடாது.

சர்வீசுக்கு விடும்போது ஆயில், பில்டர், வாஷிங் எல்லாம் கேட்கிறோம். "ஸ்கிரீனுக்கு புது சாப்ட்வேர் வந்து இருக்கா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்டால்தான் போடுவார்கள் என்பது பல இடங்களில் நடைமுறை. "போட்டாச்சு சார்" என்று வாயால் சொன்னால் போதாது. திரையில் "செட்டிங்ஸ்" பகுதியில் சாப்ட்வேரின் பதிப்பு எண் தெரியும். வண்டியை விடும்போது ஒரு தரம், எடுக்கும்போது ஒரு தரம் பார்த்து விட்டால் போட்டார்களா இல்லையா என்பது வெட்ட வெளிச்சம். திரையிலேயே "அப்டேட் வந்து உள்ளது" என்று எழுத்து வந்தால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிக் கொண்டே போகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி விட்டு, கம்பெனி புத்தகத்தில் சொன்னபடி செய்து விடுவது நல்லது. பாதியில் நிறுத்தினால் திரை கறுத்துப் போய், சர்வீஸ் சென்டருக்குத்தான் அலைய வேண்டும்.

டீலரோ கம்பெனியோ தராத பென் டிரைவை, வாட்ஸ்-அப்பில் சுற்றும் "சூப்பர் அப்டேட்" பைல்களைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது. வண்டியில் புதுப் புது வசதியைத் திறந்து தருகிறேன் என்று சொல்பவரிடமும் ஜாக்கிரதை.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பழைய காருக்கும் பெரிய ஆண்ட்ராய்டு செட் மாட்டித் தருகிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும். பெரும்பாலும் அது பாட்டுக்கும் மேப்புக்கும்தான். ஜீப் மாதிரி பிரேக் வரைக்கும் போகாது. ஆனால் மலிவான பல செட்டுகளுக்கு வாங்கிய நாளோடு சரி, அப்புறம் புது சாப்ட்வேர் வருவதே இல்லை. அதில் போய் ஈ-மெயில், பாங்கி ஆப் எல்லாம் திறந்து வைத்தால், திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது மாதிரி. வாங்கும்போதே "அப்டேட் எத்தனை வருஷம் வரும்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால், கடைக்காரர் முகத்திலேயே பதில் தெரிந்து விடும்.

பழைய கார் வியாபாரத்தில் இன்னொரு வேடிக்கை. புதிதாக வாங்கியவர் திரையைத் தொட்டால், முன்னாள் ஓனரின் மாமனார், மைத்துனி, சீட்டுக் கம்பெனி நம்பர் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்! வீட்டு விலாசம் மேப்பில் "ஹோம்" என்று பதிந்து கிடக்கும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுகிற ஞாபகம் எல்லாருக்கும் இருக்கிறது. திரையில் தன் போனை நீக்கி, "பாக்டரி ரீசெட்" கொடுக்கிற ஞாபகம் இருப்பது இல்லை. காரோடு சேர்ந்த போன் ஆப்பிலும் பழைய ஓனர் பெயரை எடுக்க வேண்டும். எடுக்கா விட்டால், விற்ற பிறகும் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் வீட்டில் இருந்தே பார்க்க முடியும். சில வண்டிகளில் கதவைக் கூடத் திறக்கலாம். வாங்குபவர்தான் இதை வற்புறுத்திச் செய்து கொள்ள வேண்டும். வாடகைக் காரில் போனை இணைத்தவர்கள், இறங்கும் முன் நீக்கி விட்டு இறங்கினால் தொல்லை இல்லை.

அந்த இருவர்

மேம்பாலத்தில் ஜீப்பை நிறுத்திய மில்லரும் வாலசெக்கும் பிறகு என்ன ஆனார்கள்?

அடுத்த மாதமே, 2015 ஆகஸ்டில், "உபேர்" டாக்சி கம்பெனி இருவரையும் வேலைக்கு எடுத்துக் கொண்டது. 2016-ல் அதே ஜீப்பை மீண்டும் ஒரு தடவை ஆட்டி வைத்தார்கள். ஓட்டை அடைபட்டு விட்டதால் இந்த முறை தூரத்தில் இருந்து முடியவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து, லேப்-டாப்பில் இருந்து ஒயர் கொடுத்துத்தான் செய்ய வேண்டி இருந்தது. 2017-ல் இருவரும் ஜெனரல் மோட்டார்சின் "குரூஸ்" கம்பெனியில் சேர்ந்தனர். குரூஸ் செய்தது டிரைவரே இல்லாத டாக்சி. அதற்குள் வெளி ஆள் யாரும் புகுந்து விடாமல் காவல் காப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. அந்த டாக்சி திட்டத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 2024 டிசம்பரில் கைவிட்டது.